மெமரி கார்டு வைத்தியம்

ரொட்டிக்காரர் வீட்டு வாசல் காமிராவுக்குக் குரல் உண்டு என்பதே அன்றுவரை அவருக்குத் தெரியாது. மாட்டிய நாள்முதல் அது கேட் தூணில் உட்கார்ந்து, போகிற நாயையும் வருகிற தபால்காரரையும் ஒரே மரியாதையோடு பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தது. அன்றைக்கு அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, அதில் பதிவான படத்தைப் பார்க்கலாம் என்று கைபேசியைத் திறந்தார். உடனே தூணிலிருந்து ஒரு பெண் குரல், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "நினைவட்டையில் பழுது. ஃபார்மேட் செய்யவும்" என்றது. கொஞ்ச நேரம் பொறுத்து, இவர் காது மந்தமோ என்ற கரிசனத்தில், திரும்பவும் சொன்னது.

கைபேசியில் இரண்டு பொத்தான்கள் தெரிந்தன. ஒன்றில் 'இப்போதே ஃபார்மேட்' என்றும், மற்றதில் 'சற்றுப் பின் ஃபார்மேட்' என்றும் போட்டிருந்தது. வேண்டாம் என்பவர்களுக்கு அதில் இடம் வைக்கவில்லை.

"அதத் தொட்டுடாதீங்க" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து ஓடி வந்து. "ஃபார்மேட்னா மொத்தமாத் துடைச்சிடும். உள்ள இருக்கிறது எல்லாம் போயிடும். என் போன்ல ஒரு தடவ அமுக்கினீங்களே, கல்யாண போட்டோ பூராவும் போச்சே, ஞாபகம் இருக்கா?"

"அதுக்கு இன்னுமா வருத்தப்படுற?"

"அப்ப நீங்க வெச்சிருந்த மீசை போனதுல வருத்தமில்ல. கைய எடுங்க மொதல்ல."

கையை எடுத்தார். ஏனென்றால் அந்தக் கார்டுக்குள்தான் அவருடைய மச்சினனின் பிழைப்பு இருந்தது.

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அந்த வாரத்தில் ஒருநாள், பிள்ளைகளை இறக்கிவிட்டு, அக்கா வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, என்ஜினை அணைத்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். தெருமுனையிலிருந்து ஓர் அரசாங்க ஜீப் பின்பக்கமாகவே வந்து, வேனின் மூக்கில் முட்டி நின்றது. வேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜீப்பின் பின்புறம் நசுங்கிவிட்டது. மறுநாளே ஜீப் டிரைவர் புகார் கொடுத்தார்: ஜீப் நின்றுகொண்டிருந்ததாம், தான் அதில் அமைதியாக உட்கார்ந்திருந்தாராம், வேன்தான் வந்து மோதியதாம். ஓட்டினது டிரைவரே இல்லை, கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனுஷன் என்று மச்சினன் போக்குவரத்து அலுவலகத்தில் எடுத்துச் சொன்னான். அங்கே இருந்த அதிகாரி, அடுத்த விசாரணையில் சாட்சி காட்டினால் சரி, இல்லாவிட்டால் லைசென்ஸ் ரத்து என்று சொல்லி அனுப்பிவிட்டார். நின்ற ஜீப்பை இடித்தவனிடம் எந்தப் பள்ளிக்கூடம் பிள்ளைகளை ஏற்றி அனுப்பும்?

"மாமா, உங்க காமிராவத்தான் மலைபோல நம்பிட்டு இருக்கேன்" என்று அவன் முந்தின நாள்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"பேசாம அந்தக் கார்ட வெளிய எடுங்க" என்றாள் மனைவி. "கண்ணாடி துடைக்கிற துணியால ஒரு துடை துடைச்சி, திரும்ப ஒழுங்கா சொருகுங்க. பாதி நேரம் தூசிதான்."

சொன்னது சரிதான். ஆனால் எடுக்க முடியாது. கார்டு போகிற துளையின்மேல், பொட்டு வைத்த மாதிரி, நினைவு வாரியத்தின் சிவப்புச் சீல் இருந்தது.

நினைவு வாரியத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வீடு காமிரா வைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்ததும், அந்தக் காமிராக்களின் கார்டுகளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. அவரவர் கார்டை அவரவரே பார்த்துக்கொண்டால் பிறகு அரசாங்கம் எதற்கு என்று யாரோ கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஓர் ஆறு மாடிக் கட்டிடம் எழுந்தது. கார்டு கொடுப்பது, சீல் வைப்பது, சீலைச் சோதிப்பது, கார்டுக்கு நோய் வந்தால் குணப்படுத்துவது எல்லாம் வாரியத்தின் வேலை. சீலைத் தானே உடைக்கிறவனுக்குச் சிறை. கார்டு என்று சொல்வதும் வாரியத்துக்குள் அநாகரிகம்; நினைவட்டை என்று சொல்ல வேண்டும்.

ரொட்டிக்காரர் கடையைத் தன் சொந்தத் தம்பியிடம் விட்டுவிட்டு வாரியத்துக்குப் போனார். வாசலிலேயே ஊசிப்போன டீ வாடையும் கழிவறை வாடையும் கை கோத்துக்கொண்டு வரவேற்றன. கூடத்தில் மூலைக்கு மூலை காமிரா இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் 'நினைவட்டை சிகிச்சையில் உள்ளது' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சீட்டுகள் மஞ்சளாகி, ஓரத்தில் கரப்பான் கடித்திருந்தது.

முதல் ஜன்னலில் ஓர் அம்மா நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், கார்டுல பழுதுன்னு வருது."

"என்னதுல?"

"நினைவட்டையில."

"எங்க அது?"

"காமிராக்குள்ள."

"கொண்டு வந்து காட்டுங்க."

"சீல் இருக்கே மேடம். எடுத்தா உள்ள போட்டுடுவீங்களே."

"ஆமா, போட்டுடுவோம். சீல எங்க ஆளுங்கதான் உடைக்கணும்."

"அப்ப உங்க ஆளுங்கள ஒரு தடவ வீட்டுக்கு அனுப்புங்க."

"வண்டி இல்லங்க. எங்க ஜீப்ப எவனோ வேன்காரன் இடிச்சுப் போட்டுட்டான். ஒர்க்‌ஷாப்ல நிக்குது. அந்த விசாரணை முடியாம ஜீப்பும் வராது."

மச்சினனை இடித்தது எந்த இலாகா ஜீப் என்று அதுவரை யாரும் ரொட்டிக்காரரிடம் சொல்லவில்லை. அந்த அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். அதில் சூதும் இல்லை, வாதும் இல்லை. சூது பண்ணுவதற்கும் கொஞ்சம் ஊக்கம் வேண்டுமே.

"அப்ப காமிராவோட கழட்டிக் கொண்டு வரட்டுமா?"

"கழட்டக் கூடாது. திருகாணி வாரியச் சொத்து. தொட்டா அதுக்குத் தனிக் கேஸ்."

"பின்ன என்னதாங்க பண்றது?"

அந்த அம்மா நகத்தை ஊதிவிட்டு, முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "காமிரா எதுல மாட்டியிருக்கு?"

"கேட் தூண்ல."

"தூண் யாரோடது?"

"என்னோடதுதான்."

"உங்க தூண நீங்க கொண்டு வர்றதுக்கு வாரியம் எதுக்குங்க குறுக்க நிக்கப் போவுது?"

கேட்கிறவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் நடந்தது இதுதான்: கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டு, தூணின் மேல்பாதியை நோகாமல் அறுத்து எடுத்தார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் அதன்மேல் காமிராவுமாக அதை ரொட்டித் தள்ளுவண்டியில் ஏற்றி, பழைய மெத்தையை அண்டக் கொடுத்து, மச்சினன் முன்னால் இழுக்க, ரொட்டிக்காரர் பின்னால் தள்ளினார். காமிராவுக்குள் பேட்டரி இருந்தது. ஆகவே வழி நெடுக அது தன் கடமையைச் செய்துகொண்டே வந்தது. "நினைவட்டையில் பழுது. ஃபார்மேட் செய்யவும்." நாற்சந்தியில் போக்குவரத்துப் போலீஸ்காரர், அரசாங்க அறிவிப்பு என்று நினைத்து, நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்.

"மாமா, இடிச்சவன் ஆபீசுக்கே போயி நியாயம் கேக்கப் போறோமே, இது சரியா வருமா?" என்றான் மச்சினன்.

"வாய மூடிட்டு இழு மாப்ள. யாரு வேன்காரன்னு அங்க யாருக்கும் தெரியாது. நீ வாசல்லயே நில்லு."

வாரியத்தில் தூணைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. பின்பக்கம் ஓர் அறை நிறையச் சுவர்த் துண்டுகளும், ஜன்னல் சட்டங்களும், யார் வீட்டிலிருந்தோ வந்த ஒரு முழு பால்கனியும் கிடந்தன. எல்லாவற்றிலும் காமிரா இருந்தது. சில இன்னும் முனகிக்கொண்டிருந்தன.

சீல் உடைப்பதற்கென்று சீல் அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் எச்சிலைத் தொட்டுத்தான் எதையும் செய்வார். எச்சிலைத் தொட்டு விதிகளைப் புரட்டினார். எச்சிலைத் தொட்டு சீலைத் தேய்த்தார். பிறகு ஒரு குட்டிச் சுத்தியலால் தட்டி உடைத்தார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். கார்டு வெளியே வந்தது. சுண்டுவிரல் நகத்தளவு இருந்தது. அதை ஒரு வெள்ளித் தட்டில் வைத்து, தட்டை ஒரு கடைநிலை ஊழியர் ஏந்த, பின்னால் இருவர் நடக்க, மேல்மாடிக் கூடத்துக்குக் கொண்டு போனார்கள். ரொட்டிக்காரர், தன் வீட்டுச் சவத்துக்குப் பின்னால் நடக்கிறவர் மாதிரி, கடைசியாக நடந்தார்.

மேலே, எல்லாரும் டாக்டர் என்று அழைக்கும் ஒருவர் இருந்தார். அவர் டாக்டர் இல்லை. கார்டுக்கு வைத்தியம் பார்ப்பவர். கழுத்தில் ஒரு வயரை மாட்டியிருந்தார். அதன் மறுமுனை எதிலும் சொருகப்படவில்லை.

"எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்று தட்டைப் பார்த்துக் கேட்டார்.

"ரெண்டு மூணு நாளா."

"பயப்படாதீங்க. இதுக்கு ரெண்டு வைத்தியம் இருக்கு. ஒண்ணு, ஃபார்மேட். அதுக்குக் கேக்கலன்னா ரெண்டாவது வைத்தியம்."

"அது என்னங்க?"

"இன்னொரு ஃபார்மேட்."

"ஐயா, உள்ள இருக்கிற படந்தாங்க எனக்கு வேணும். கார்டு போனாக்கூடப் பரவால்ல."

டாக்டர் சிரித்தார். பல் முழுக்கப் பிஸ்கட். "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. உள்ள இருக்கிறதுதாங்க நோய். காலியான அட்டைக்கு என்னைக்காவது சீக்கு வந்து பாத்திருக்கீங்களா?"

"வீட்ல சொன்னாங்க, லேசாத் துணியால துடைச்சா..."

"துடைக்கிறதா? இது என்ன மூக்குக் கண்ணாடியா? நான் இதுக்குன்னு வெளிநாட்டுல போயி பயிற்சி எடுத்துட்டு வந்திருக்கேன். அங்க யாரும் எதையும் துடைக்கல."

அப்போது கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். வாரியத் தலைவர் உள்ளே வந்தார். கோட்டுப் போட்டிருந்தார். கோட்டின் பொத்தான்கள் வயிற்றோடு போராடிக்கொண்டிருந்தன. அவருக்குப் பின்னால் ஒரு டிரைவர் அவருடைய டிபன் பெட்டியை ஏந்தி வந்தார். பொதுமக்கள் யாராவது மாடிவரை வந்துவிட்டால் அவர்களுக்குத் தலைவர் ஓர் உரை ஆற்றுவது வாரியத்தின் வழக்கம். ரொட்டிக்காரர் ஒருவர்தான் பொதுமக்கள். அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே ஒலிபெருக்கியை வைத்தார்கள்.

"பெருமக்களே," என்று தலைவர் தொடங்கினார். "நினைவு என்பது என்ன? அழுக்கு. நாள்தோறும் படிகிற அழுக்கு. யார் வந்தார், யார் போனார், யார் யாரை இடித்தார் என்று வீட்டுக்கு வீடு இந்த அழுக்கைச் சேர்த்து வைத்தால் நாடு தாங்குமா? அதனால்தான் இந்த வாரியம் இரவு பகலாக உழைக்கிறது. தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு நினைவட்டைகூட இங்கிருந்து பழுதோடு வெளியே போனதில்லை. அதே சமயம், ஒரு படம்கூட வெளியே போனதில்லை என்பதையும் நான் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். சிலர் கேட்கிறார்கள், படம் இல்லாவிட்டால் காமிரா எதற்கு என்று. நான் திருப்பிக் கேட்கிறேன்: காமிரா இல்லாவிட்டால் இந்த வாரியம் எதற்கு?"

பலத்த கைதட்டல். டாக்டர் உணர்ச்சிவசப்பட்டு, கார்டைப் பிடித்திருந்த கையாலேயே தட்டினார். கார்டு கீழே விழுந்து, பிஸ்கட் தூளில் புரண்டு, ரொட்டிக்காரரின் செருப்பருகே வந்து கிடந்தது. அவர் குனிந்து எடுத்தார். தூள் ஒட்டியிருந்ததால், கை தன் பழக்கத்தில் செய்வதுபோல, சட்டை நுனியால் ஒரு தேய்ப்புத் தேய்த்து டாக்டரிடம் நீட்டினார். அதை யாரும் கவனிக்கவில்லை.

கூடத்தின் சுவரில் ஒரு பெரிய டிவி இருந்தது. வாரியத்தின் சாதனைகளைக் காட்டுவதற்காக வாங்கியது; சாதனை எதுவும் அகப்படாததால் சும்மா இருந்தது. தலைவர் முன்னிலையில், எல்லாரும் பார்க்க ஃபார்மேட் செய்துகாட்ட வேண்டும் என்று டாக்டர் கார்டை அதன் பக்கவாட்டில் சொருகினார். ஃபார்மேட் பொத்தானைத் தேடி அவர் விரல் போவதற்குள் படம் ஓடத் தொடங்கிவிட்டது.

தெளிவான படம். ரொட்டிக்காரர் வீட்டு வாசல். பள்ளிக்கூட வேன் நிற்கிறது. உள்ளே மச்சினன் அண்ணாந்து தண்ணீர் குடிக்கிறான். தெருமுனையில் ஒரு ஜீப் பின்பக்கமாக வருகிறது. அதற்குப் பின்னால், வழிகாட்டியபடி, டிபன் பெட்டியோடு அதே டிரைவர் நடந்து வருகிறார். குரலும் பதிவாகியிருந்தது.

"வாங்க ஐயா... வாங்க... அப்படியே வாங்க... நல்லா ஓட்டுறீங்க ஐயா... இன்னும் கொஞ்சம்... வாங்க..."

டமார்.

"போதும் ஐயா."

ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கோட்டுப் பொத்தான்கள் தெறிக்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாரியத் தலைவர்.

கூடத்தில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. அங்கே ஈக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ரொட்டிக்காரருக்குச் சந்தோஷத்தில் காது இரண்டும் சூடேறிப் போயின. ஆயிற்று, மச்சினன் பிழைத்தான். இத்தனை பேர் கண்ணாலே பார்த்தாயிற்று. திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சீல் அதிகாரி கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். தலைவர் உரைக்குக் கைதட்ட மேலே வந்திருந்த ஜன்னல் அம்மா நகத்தை. டாக்டர் தன் வயரின் நுனியை. யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நோய் முற்றிவிட்டது" என்றார். "இதை நான் சுயநலத்தால் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அந்த வண்டியில் நான் இருந்ததை நான் மறுக்கவில்லை. எனக்கு நினைவில்லை, அவ்வளவுதான். தலைவருக்கே நினைவில்லாத ஒன்று ஒரு அட்டைக்கு நினைவிருக்கிறது என்றால் அது எவ்வளவு ஆபத்தான அட்டை? நாளைக்கு ஒவ்வொரு அட்டையும் இப்படிக் கிளம்பினால் நிர்வாகம் எப்படி நடக்கும்? டாக்டர், வைத்தியத்தைத் தொடங்குங்கள். இரண்டு வைத்தியமும் வேண்டும்."

"நல்லதுங்க ஐயா" என்றார் டாக்டர். கார்டை டிவியிலிருந்து உருவி, ஃபார்மேட் செய்வதற்கென்றே இருந்த தனி இயந்திரத்தைத் தேடி, ஒரு கணம் தட்டில் வைத்தார்.

அந்த ஒரு கணத்தில் ரொட்டிக்காரர் என்ன நினைத்தார் என்று பின்னாளில் பலரும் கேட்டார்கள். ஒன்றும் நினைக்கவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். டீ வாடை, எச்சில், பிஸ்கட் பல், கூரையைப் பார்க்கிற கண்கள் எல்லாம் சேர்ந்து அடிவயிற்றிலிருந்து மேலே வந்தன. மேலே வருவதைக் கீழே தள்ள எதையாவது விழுங்க வேண்டும் போலிருந்தது. எதிரே தட்டில் இருந்ததை எடுத்து வாயில் போட்டு, யாருடையதோ ஆறிப்போன டீயை ஊற்றி, விழுங்கிவிட்டார்.

டீ தான் மோசம் என்று பிறகு சொன்னார்.

"யோவ், அரசாங்கச் சொத்துய்யா அது" என்றார் சீல் அதிகாரி.

"தெரியுங்க. பத்திரமா வெச்சிருக்கேன்."

உடனே சட்ட ஆலோசகரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒல்லியானவர், பேசும்போது யாரையும் பார்க்காமல் தன் மூக்கு நுனியையே பார்ப்பவர். வாரியச் சட்டம் அவருக்கு மனப்பாடம். "நினைவட்டையைத் தன்னுள் கொண்டுள்ள எப்பொருளும் காமிரா எனக் கருதப்படும்" என்று ஒப்பித்தார். "ஆகவே இவர் காமிரா."

"ரொட்டிக்காரன் சார் நானு."

"அது நேத்து. இன்னைக்கு நீங்க காமிரா. காமிரா பேசக் கூடாது. பழுதுன்னா மட்டும் பேசலாம்."

காமிரா என்றால் சீல் வைத்தாக வேண்டும். எங்கே வைப்பது என்று ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. வாயில் வைக்கலாம் என்றார் ஒருவர். கார்டு போன துளை அதுதான். வாயில் வைத்தால் காமிரா செத்துப்போகும், வாரியச் சொத்துக்கு நஷ்டம் என்றார் இன்னொருவர். கார்டு எந்த வழியாக வெளியே வருமோ அங்கே வைப்பதுதான் முறை என்று டாக்டர் சொன்னார். சீல் அதிகாரி, தான் அந்த வேலைக்குச் சேரவில்லை என்று சொல்லிவிட்டார். கடைசியில் நடுவாந்தரமாக, தொப்புளுக்குமேல் என்று முடிவாயிற்று. அரக்கைச் சூடாக்கிக்கொண்டு வந்தவர் ரொட்டிக்காரர் பார்த்த பார்வையில் பின்வாங்கினார். ஆகவே காகிதச் சீல். சீல் அதிகாரி அதை நாக்கால் நன்றாக நக்கி, வயிற்றில் ஒட்டி, உள்ளங்கையால் தட்டிக் கொடுத்தார்.

காமிராவை வாரியத்திலேயே வைத்துக்கொள்வதுதான் முறை. பின்னறையில் பால்கனிக்குப் பக்கத்தில் இடமில்லை. ஆகவே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் விடியலில், வழக்கம்போல் மாவு பிசைய ரொட்டிக்கடைக்குப் போன இடத்தில், கடைக் கழிவறையில், கார்டு அவரை விட்டுப் பிரிந்தது. பிரிந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்பதை அவர் மனைவியிடம்கூட விவரிக்கவில்லை. சாக்கடை அதை வாங்கிக்கொண்டது. வயிற்றின் மேல் சீல் மட்டும் ஒரு மூலைகூடப் பிரியாமல் அப்படியே இருந்தது. வாரியத்தின் பசை அப்படி.

மச்சினன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "அப்ப என் கதை முடிஞ்சுதா மாமா?"

"யாருகிட்டயும் மூச்சு விடாத" என்றாள் அக்கா. "இப்ப உனக்கு இருக்கிறது உங்க மாமா வயிறு ஒண்ணுதான்."

அவள் சொன்னதுதான் நடந்தது. வாரியம் முந்தின நாளே போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பியிருந்தது: சம்பவத்துக்கான நினைவட்டை வாரியத்தின் காமிரா ஒன்றில், சீலுடன், பாதுகாப்பாக உள்ளது. அனுப்பியவருக்கு அது யார் காமிரா, அதில் என்ன படம் என்றெல்லாம் தெரியாது. எந்தக் கார்டு எங்கே இருந்தாலும் தகவல் அனுப்புவது அவருடைய வேலை, அனுப்பிவிட்டார். விசாரணையன்று போக்குவரத்து அதிகாரி அதைப் படித்தார். "சாட்சி இருக்கு. ஆனா இன்னும் கைக்கு வரல. சாட்சி இருக்கும்போது அதப் பாக்காம லைசென்ஸ ரத்து பண்ண முடியாதுப்பா. வாரியம் கார்டக் கொடுக்கிற வரைக்கும் வண்டிய ஓட்டிட்டு இரு" என்றார்.

தலைவருக்கு இது எட்டியபோது அவர் துடித்துப் போனார். கார்டு இல்லை என்று இனி சொல்ல முடியாது. வாரியமே இருக்கிறது என்று சொல்லிவிட்டது. இருக்கிறது என்றால் எடுத்தாக வேண்டும். எடுத்து, யாரும் பார்ப்பதற்குமுன் வைத்தியம் செய்தாக வேண்டும். பேதி மருந்து கொடுத்துவிடலாமா என்று கேட்டார். சட்ட ஆலோசகர் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: அது காமிராவைச் சேதப்படுத்துவது, சிறை. தானாக வருகிற கார்டைத்தான் எடுக்கலாம். எடுக்கிறபோது வாரியத் தலைவர் நேரில் இருந்தாக வேண்டும்.

அன்றிலிருந்து காலைதோறும், ரொட்டிக்காரர் கடை வேலையை முடித்து வீட்டுக்கு வருகிற நேரத்துக்கு, ஒரு வாடகை வண்டியில் வாரியம் வந்து இறங்குகிறது. சீல் அதிகாரி முதலில் சட்டையைத் தூக்கச் சொல்லி, எச்சில் விரலால் சீலைத் தடவிப் பார்த்து, "சீல் உடையல. ஆகவே அட்டை உள்ளதான் இருக்கு" என்று அறிவிக்கிறார். டாக்டர் கையில் சல்லடை. ஃபார்மேட்டுக்கு முன் அட்டையைக் கழுவ வேண்டுமா, துடைக்க வேண்டுமா என்று அவருக்கும் சட்ட ஆலோசகருக்கும் கொல்லைப்புறத்தில் தினமும் ஒரு சிறு தகராறு. கழிவறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கோட்டும் சூட்டுமாகத் தலைவர், மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டிரைவர் பக்கத்தில் நின்று டிபன் பெட்டியைத் திறந்து காட்டுகிறார். தலைவர் வேண்டாம் என்று தலையசைக்கிறார். அவர் ரொம்ப இளைத்துவிட்டார்; பொத்தான்கள் இப்போது சண்டை போடுவதில்லை.

ரொட்டிக்காரருக்கு இதெல்லாம் வெற்றி மாதிரித் தோன்றவில்லை. எத்தனை தேய்த்தாலும் உடம்பிலிருந்து அந்த நக்கிய காகிதத்தின் வாடை போகவில்லை. மாவு பிசைவதற்குமுன் இரண்டு தடவை கை கழுவுகிறவர் இப்போது நாலு தடவை கழுவுகிறார்.

"உங்களுக்கு அருவருப்பா இல்லையா?" என்று ஒருநாள் மனைவி கேட்டாள்.

"இருக்கு. ஆனா உன் தம்பி வண்டிச் சத்தம் தெருவுல கேக்குது பாரு, அப்ப கொஞ்சம் கொறையுது."

பள்ளிக்கூட வேன் காலையில் அந்த வழியாகத்தான் போகிறது. வாசலில் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போகும். ரொட்டிக்காரர் அதைக் கேட்ட பிறகுதான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுவார். அவசரமே இல்லாமல், செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, வாடகை வீடு விளம்பரம் உட்பட, படித்து முடிப்பார். கதவுக்கு வெளியே நாற்காலி கிறீச்சிடும். கைக்குட்டைக்குள்ளிருந்து தலைவரின் குரல், நாளாக நாளாக மரியாதை கூடிக்கொண்டே வந்து, இப்போது கெஞ்சலாகவே ஆகிவிட்ட குரல், தாழ்ப்பாள் துளை வழியாகக் கேட்கும்.

"ஐயா... ஏதாச்சும் வந்துதுங்களா?"

ரொட்டிக்காரர் செய்தித்தாளை ஒழுங்காக மடித்து வைப்பார். வாளியில் தண்ணீரை நிதானமாகத் திறந்துவிடுவார்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லைங்க. நாளைக்கு வாங்க."